தேங்காய் எண்ணெய்க்கு வந்த பாராட்டு

கோட்டைப்பட்டினம்
வியாழக்கிழமை, அஸருக்குப் பின்

என் பிரியமான மச்சான் பைரோஸ் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் பாசிலா எழுதிக்கொள்வது. அல்லாஹ்வின் கிருபையால் நானும் மாமியும் சுகம். உங்கள் சுகத்தைக் கேட்டு எழுத வேண்டிய இடம் இது. ஆனால் நான் கேட்கப் போவதில்லை. கேட்டால் ‘நல்லா இருக்கேன்’ என்பீர்கள். அந்தப் பதிலின் மேல் எனக்கிருந்த நம்பிக்கை போய் இருபது நாள் ஆகிறது.

தினமும் போனில் பேசுகிறவளுக்குக் கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். இங்கே போனை எடுத்ததுமே மாமி ஸ்பீக்கரைப் போடச் சொல்கிறார். அங்கே உங்கள் அறையில் ஐந்து பேர். கொஞ்சம் குடைந்து கேட்டால் சிரித்து மழுப்புவீர்கள். அதுவும் எடுபடவில்லை என்றால் நெட் சரியில்லை என்று வைத்துவிடுவீர்கள். கடிதத்தை அப்படி வைத்துவிட முடியாது. நாளை சுபுஹு தொழுகை முடிந்ததும், ஷார்ஜா வருகிற சைபுல்லா அண்ணன் திருச்சி ஏர்போர்ட்டுக்குக் கிளம்புகிறார். அதற்குள் இதை எழுதி, ஒரு சின்னப் பொட்டலத்தோடு அவரிடம் கொடுத்தாக வேண்டும்.

இங்கே மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையில் கிடக்கிறது. கடைத்தெருவில் ஈ காக்கை இல்லை. மாமிக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது, வாய் மட்டும் குறையவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் உங்கள் அறைக்காரர் பாசித் தம்பி லீவு முடிந்து ஷார்ஜா திரும்பும்போது, நான் கலந்த அத்தர் ஒரு குப்பி கொடுத்துவிட்டேன். மல்லிகை ஆறு சொட்டு, சந்தனம் நாலு, வெட்டிவேர் ஒன்று. நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி வெளிச்சம் படாமல் மூன்று வாரம் பீரோவுக்குள் வைத்து எடுத்தது. கலவைக் கணக்கை முன்பே போனில் உங்களிடம் சொல்லியிருந்தேன். வீடியோ காலில் நீங்கள் அதைத் திறந்து மணிக்கட்டில் தடவி மோந்து பார்த்தீர்கள். ‘மல்லி முன்னாடி வந்து சலாம் சொல்லுது, பின்னாடி சந்தனம் சம்மணம் போட்டு உக்காந்திருக்கு. எங்க அத்தர் கடையிலகூட இப்படி ஒரு கலவை இல்ல பாசிலா’ என்றீர்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

போனை வைத்த பிறகு பார்க்கிறேன், மாமி முகம் பேயறைந்தது மாதிரி இருக்கிறது. முக்காட்டை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு கிட்டே வந்து, ‘புள்ள, கோவிச்சுக்காத. அம்மாபட்டினத்துக் கல்யாணத்துக்கு அந்த அத்தரை நாந்தான் பூசிட்டுப் போனேன். கொஞ்சம் பூசுவோம்னு எடுத்தேன், கை தவறி எல்லாம் சேலையில கொட்டிருச்சு. நீ பாத்தா வைவேன்னு குப்பியைச் சோப்புப் போட்டுக் கழுவி, தேங்கா எண்ணெய ஊத்தி வச்சுட்டேன்’ என்றார்.

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. மாமியும் சேர்ந்துகொண்டார். ‘பொண்டாட்டி அனுப்புனா என் மவனுக்குத் தேங்கா எண்ணெயும் அத்தராத்தான் மணக்கும் போல’ என்று அடுத்த வீடு வரைக்கும் கேட்கும்படி சொன்னார். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோதுதான் எனக்குப் பொறி தட்டியது. என் மச்சான் எதற்கு வேண்டுமானாலும் முகஸ்துதி செய்வார், வாசத்துக்குச் செய்யமாட்டார்.

நான் முதன்முதலில் கலந்ததை மோந்துவிட்டு ‘இது அத்தர் இல்ல, பினாயில்’ என்று சொன்னவர் நீங்கள். இரண்டு நாள் நான் உங்களோடு பேசவில்லை. மேல்வாசம் வந்து சலாம் சொல்லிவிட்டுப் போகிறவன், நடுவாசம் உட்கார்ந்து பேசுகிறவன், அடிவாசம் ஆள் போன பிறகும் வீட்டில் தங்குகிறவன் என்று போனிலேயே பாடம் எடுத்தீர்கள். மூக்கு களைத்தால் உன் முழங்கை மடிப்பை மோந்துகொள் என்றீர்கள். குப்பி மூடியை மோந்து முடிவு சொல்லாதே, கல்யாணப் பத்திரிகை ஓரத்தை நறுக்கி அதில் தொட்டு, அரைமணி நேரம் கழித்து மறுபடி மோந்து பார் என்றீர்கள். அப்படிப்பட்டவர் அன்றைக்கு அரை நிமிஷம்கூடக் காத்திருக்கவில்லை.

என் நோட்டை எடுத்தேன். ஒவ்வொரு கலவைக்கும் நேராக நீங்கள் சொன்னதை எழுதி வைத்திருக்கிறேன். ஜனவரி வரைக்கும் இப்படி இருக்கிறது: ‘கிராம்பு ரெண்டு சொட்டு அதிகம், மத்ததை அமுக்குது.’ ‘ரோஜா வாடிப்போச்சு, பழைய எண்ணெய்.’ ‘அடியில ஒண்ணும் இல்ல, அரைமணியில ஓடிப்போகும்.’ ஜனவரியில் உங்களுக்கு அந்தக் காய்ச்சல் வந்தது. பத்து நாள் படுத்திருந்தீர்கள். அதற்குப் பிறகு நான் அனுப்பிய மூன்று குப்பிக்கும் நேராக ஒரே வார்த்தைதான். சூப்பர். சூப்பர். சூப்பர். நாலாவது, தேங்காய் எண்ணெய்.

மார்ச்சில் நீங்கள் சிரித்துக்கொண்டே சொன்ன கதையும் அப்போதுதான் ஞாபகம் வந்தது. அறையில் யாரோ கேஸ் அடுப்பைச் சரியாக மூடாமல் போய்விட்டார்கள், பக்கத்து அறைக்காரர் வாசம் பிடித்து ஓடிவந்து கதவைத் தட்டினார், ‘நான் என்னன்னா உள்ளேயே உக்காந்து மீனுக்கு மசாலா தடவிக்கிட்டு இருக்கேன்’ என்றீர்கள். நாங்களும் சிரித்தோம். அவர் வராமல் இருந்திருந்தால் மச்சான்? அடுத்து நீங்கள் அடுப்பைத்தானே பற்றவைத்திருப்பீர்கள்?

உண்மைதானா என்று சோதித்துப் பார்க்கவும் நினைத்தேன். படகுக்குப் பூசும் மீன் எண்ணெயைக் குப்பியில் ஊற்றி, ரோஜா என்று சீட்டு ஒட்டினேன். அதைப் பூசிக்கொண்டு நீங்கள் ஜும்ஆ தொழுகைக்குப் போய், சஃப் வரிசையில் பக்கத்தில் நிற்பவர் முகம் சுளித்து நகர்ந்தால்? அந்த நினைப்பு வந்ததும் குப்பியைக் குப்பையில் போட்டேன். அவ்வளவு தூரத்துக்கு நான் போயிருக்கக் கூடாது. என்னை மன்னியுங்கள்.

அதற்குப் பதிலாகப் புதுக்கோட்டைக்கு பஸ் ஏறினேன். மாமியிடம் பல்வலி என்று சொன்னேன். காது மூக்கு தொண்டை பார்க்கும் டாக்டர் அன்புமொழியிடம், எனக்குத்தான் வாசம் தெரியவில்லை என்று இன்னொரு பொய் சொன்னேன். அந்தம்மா என் கண்ணை மூடச் சொல்லி மூக்கருகே எதையோ நீட்டினார். என் கர்வம் பிடித்த நாக்கு, ‘கிராம்பு, பழசு’ என்று சொல்லிவிட்டது. ‘பழசுங்கிறது வரைக்கும் தெரியுது, அப்புறம் எதுக்கும்மா வந்தீங்க?’ என்று கேட்டார். அங்கேயே அழுதுவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

காய்ச்சலுக்குப் பிறகு சிலருக்கு இப்படி ஆவது உண்டாம். சிலருக்குச் சில மாதத்தில் திரும்பும், சிலருக்கு வருஷமாகும், சிலருக்கு முழுதாகத் திரும்பாமலும் போகலாம், நேரில் பார்க்காமல் எதுவும் சொல்ல முடியாது என்றார். ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, தைலமரம் ஆகிய நாலையும் தனித்தனியாக, காலையும் மாலையும், ஒவ்வொன்றையும் இருபது விநாடி மோந்து பழக வேண்டுமாம். வாசம் தெரியாவிட்டாலும், அது எப்படி மணக்கும் என்று மனதில் நினைத்துக்கொண்டே மோந்து பார்க்க வேண்டுமாம். அதுவரை கேஸ் பக்கமும் ஸ்பிரிட் பக்கமும் தனியாக விடாதீர்கள் என்று இரண்டு முறை சொன்னார். திரும்பி வரும்போது வழியெல்லாம் தைலமரக் காடு. ஜன்னலைத் திறந்து வைத்து, உங்களுக்கும் சேர்த்து மோந்துகொண்டே வந்தேன்.

அடுத்த மாதத்திலிருந்து கடையின் கலவை அறைக்குப் போகப் போவதாகச் சொன்னீர்கள். முதலாளி உங்கள் மூக்கை நம்பித்தான் அங்கே அனுப்புகிறார். ஸ்பிரிட் டிரம்கள் இருக்கிற மூடிய அறை அது. போகாதீர்கள். அவரிடம் உண்மையைச் சொல்லுங்கள். வேலை போனால் போகட்டும். ஊருக்கு வந்துவிட்டால் மூக்கில்லாமல் செய்கிற வேலை இங்கே ஆயிரம் இருக்கிறது. நீங்கள் இல்லாமல் நான் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. பாசித் தம்பிக்குப் போன் போட்டு, அறையில் அடுப்பை இனி நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். காரணம் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

எனக்கு உங்கள் மேல் கோபம் இருக்கிறது. மூக்கு போனதற்கு இல்லை. நாலு மாதமாக அந்தப் பயத்தைத் தனியாக வைத்துக்கொண்டு, என்னிடம் சூப்பர் சூப்பர் என்று நடித்தீர்களே, அதற்கு.

மாமியிடம் சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். இன்று மதியம் நாலு எண்ணெயையும் நான் தனித்தனியாகக் குப்பிகளில் ஊற்றுவதைப் பார்த்துவிட்டு, ‘கலக்காம எதுக்குப் புள்ள அனுப்புறே?’ என்று கேட்டார். நான் அடுத்த குப்பிக்கு மூடி போட்டேன். அவரே என் முகத்தைப் பார்த்தார், அலமாரியில் இருந்த தேங்காய் எண்ணெய் பாட்டிலைப் பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். எழுந்து போய், ஒரு குப்பியில் தேங்காய் எண்ணெய் ஊற்றிக்கொண்டு வந்தார். ‘இதையும் சேத்து வையி. நான் எடுத்ததை நான் ஒத்துக்கிட்டேன்ல, என் மவனும் ஒத்துக்கிறட்டும்னு எழுது’ என்றார்.

எழுதிவிட்டேன். பொட்டலத்தில் ஐந்து குப்பிகள் இருக்கும். எதிலும் சீட்டு ஒட்டவில்லை. மூடியின் அடியில்தான் பெயர் இருக்கிறது. பார்க்காமல் ஒவ்வொன்றாக மோந்துவிட்டு எனக்குப் போன் போடுங்கள். ஸ்பீக்கரில் மாமியும் இருப்பார். அல்லாஹ் உங்களுக்கு ஷிஃபாவைத் தந்து குணமாக்கட்டும், எந்த நெருப்பும் அண்டாமல் உங்களை எங்களிடம் சேர்க்கட்டும். நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள் மச்சான். ‘தெரியல பாசிலா’ என்று ஒரு தடவை சொல்லுங்கள், போதும்.

உங்கள் குரலுக்காகப் போனைக் கையிலேயே வைத்திருக்கும்,
பாசிலா