தாளில் நான் எழுதிய பெயர்

அன்புள்ள அன்னபாக்கியத்துக்கு, கர்த்தர் கிருபையால் சுகம். உன் முட்டுவலி எப்படி? இது நானே என் கையால் எழுதும் முதல் கடிதம்.

வெள்ளிதோறும் எங்கள் லேபர் கேம்புக்குப் பக்கத்து முவைலாவில் உகாண்டா மிஷனரி ஜோசப் ஐயா வீட்டுக்குப் போவேன். அவர்கள் வாழைக்காயை அவித்துப் பிசைவார்கள், நான் மீன்குழம்பு வைப்பேன். பிறகு ஐயாவும் அம்மாவும் போனைப் பார்த்து என்னோடு சேர்ந்தே தமிழ் எழுதிப் படிப்பார்கள்.

போன வாரம் கேம்பில் ஒரு இங்கிலீஷ் தாள் வந்தது. என்னை ஊருக்கு அனுப்பும் தாள் என்று நினைத்தேன். “சாச்சா, ஜல்தி, அங்கூட்டா” என்று அவசரப்படுத்தி, கட்டைவிரலுக்கு மை நீட்டினான் போர்மேன். “மை மாஃபி, மையெல்லாம் வேண்டாம், பேனா கொண்டா!” என்று பெயரை எழுதினேன். எல்லாரும் கைதட்டினார்கள்.

பிறகுதான் சொன்னார்கள், அது இன்னும் இரண்டு வருஷ வேலைக்காம். இனி மாற்ற முடியாதாம். கிறிஸ்துமஸுக்கு என்னைப் பார்த்திருக்காதே. லீவில் வந்திருக்கும் எதிர்வீட்டு விபின் இங்கே திரும்பி வரும்போது அவன் கையில் எனக்குத் தைலம் கொடுத்துவிடு. டூட்டி வண்டி வந்துவிட்டது. கீழே பார், அதே கையெழுத்துதான்.

செல்வசிங்