நாலு நாள் கஷாயம்

கார்த்திகை 12, வெள்ளி. இரவு.

மத்தியானம் புதூர்நாட்டுக்குப் போன ஜீப்பை நான்தான் அனுப்பிவிட்டேன். "இன்னாம்மா, ஏறலியா? கொயந்தைய ஆஸ்பத்திரில காட்டணும்னியே?" என்று டிரைவர் கேட்டார். "காலைலேர்ந்து இருமவே இல்லீங்க, கொறஞ்சிடுச்சி" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன். நாலு நாளாகக் காய்ச்சிக் கொடுத்த ஆடாதொடைக் கஷாயம் கேட்டுவிட்டது என்று நினைத்தேன். ஒவ்வொரு முறை இருமும்போதும் ஒரு சங்கு. காலில் கிடத்தி, மூக்கைப் பிடித்து, அவன் அலற அலற ஊற்றினேன்.

இன்று பகலெல்லாம் அவன் அடிக்கடி உள்ளே ஓடினான். விளையாடுகிறான் என்று விட்டுவிட்டேன். சாயங்காலம் போய்ப் பார்த்தால், சாமை மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்து, சாக்கில் முகத்தை அழுத்திக்கொண்டு சத்தமில்லாமல் இருமிக்கொண்டிருந்தான். இன்னும் இரண்டு வயதுகூட ஆகவில்லை. இருமினால் கசப்பு வரும் என்று கண்டுபிடித்திருக்கிறான்.

குடகில் காப்பித் தோட்ட வேலைக்குப் போயிருக்கும் அவருக்குப் போன் போட்டுச் சொன்னேன். "கூடவே கீறியே, உனக்குத் தெரியலியாடி?" என்றார்.

இனி காலையில்தான் ஜீப். பிள்ளையின் நெஞ்சில் கர்ர் என்று சத்தம் கேட்கிறது. மீதிக் கஷாயத்தை அவன் கண்ணெதிரிலேயே கொல்லையில் கொட்டினேன். "இருமு கண்ணு, அம்மா ஒண்ணும் பண்ண மாட்டேன்" என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டேன்.

இப்போது இருமல் வந்து விழித்துக்கொண்டான். விளக்கடியில் எழுதிக்கொண்டிருக்கும் என்னைப் பார்த்ததும், இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான்.