தொங்க வேண்டிய காகிதச் சங்கிலி

அன்புள்ள பெரியவளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் நான்கு பேரும் நலம், இதை வழக்கத்துக்காக எழுதவில்லை, ஒவ்வொரு தலையாக எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். நீயும் அங்கே கப்பலில் வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு, சலவை அறைச் சூட்டில் வாடிப்போகாமல், கையைக் காலைச் சுட்டுக்கொள்ளாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். முதலில் ஒரே ஒரு விஷயம், மற்றதைப் படிக்க நேரமில்லாவிட்டாலும் இதை மட்டும் படித்துவிடு. கரை இறங்கியதும் நம் வீட்டுக்குப் போகாதே. நேராக நான் வேலை பார்க்கும் பிரஸ்ஸுக்கு வா, அதன் மாடியில்தான் இருக்கிறோம். ஒரு நிமிஷம் எட்டிப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றுகூட அந்த வீட்டுக்குள் கால் வைக்காதே. ஏன் என்று கேட்காமல் நீ எதையும் செய்ததில்லை, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். உங்கள் கப்பலுக்கு எழுத்து மட்டும்தான் வரும், படமோ வீடியோவோ வராது என்று சொல்லியிருந்தாய். வருமென்றால் இரண்டே வீடியோவை அடுத்தடுத்து அனுப்பிவிட்டு வாயை மூடிக்கொண்டிருப்பேன். இப்போது எல்லாவற்றையும் வார்த்தையால் காட்ட வேண்டியிருக்கிறது.

மழைக்காலம் என்னவோ ரொம்ப அழகாகத்தான் ஆரம்பித்தது. பாதி நாள் பள்ளிக்கூடம் கிடையாது, உன் தங்கை வாயாடியும் தம்பி உருண்டையும் வீட்டிலேயே, நீ போனதிலிருந்து உன் பின்னறைதான் எங்களுக்குப் பட்டறை. பிரஸ்ஸில் கட்டிங் மிஷினுக்குக் கீழே விழும் கலர்த் துண்டுகளை மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்து கொட்டுவேன், மூன்று பேரும் அதைச் சுற்றி உட்கார்ந்துவிடுவோம். உன் அம்மா முன்னறையில் தைத்துக்கொண்டே, நாற்பத்தஞ்சு வயசை எட்டப் போற ஆளு கத்தரிக்கோலும் கையுமா அலையுறதப் பாரு என்று எங்களுக்குக் கேட்கும்படி மிஷினிடம் சொல்லிக்கொண்டிருப்பாள். நான் கண்டுகொள்ளவில்லை. காகித வேலை செய்து காட்டும் கத்தரி அக்கா தன் சேனலில் மழைக்கால வாரம் என்று தினம் ஒன்று போட்டுக்கொண்டிருந்தார், அவர் ஒன்று செய்தால் நான் என் சேனலில் இரண்டு செய்து போடாமல் விடுவேனா. பட்டையை வளையமாக ஒட்டி, வளையத்துக்குள் வளையம் கோத்து, உன் கட்டிலுக்கு மேலே இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை ஒரு காகிதச் சங்கிலி கட்டினோம். நடுவில் நன்றாகத் தொங்கியது, நான் குனிந்துதான் போவேன், வாயாடி எம்பித் தொடுவாள், உருண்டை எம்பியும் எட்டாமல் அழுவான். அதைப் பின்னால் வைத்துக்கொண்டு நான் பேசிய வீடியோவுக்குக் கத்தரி அக்காவே ஒரு இதயம் போட்டார். அன்றைக்கு நான் தரையில் நிற்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் உன் கட்டிலை ஒட்டிய சுவருக்கு அப்பால், பக்கத்து மனையில், கார் நிறுத்த அடித்தளம் என்று சொல்லிக் குழி தோண்ட ஆரம்பித்தார்கள். பெரிய கொட்டகை போட்டுத் தகரம் அடித்து மறைத்துவிட்டார்கள், சத்தம் மட்டும்தான் நமக்கு. நாங்கள் எங்கள் வேலையில் இருந்தோம். சோடா மூடியில் துளை போட்டுத் தீக்குச்சி சொருகி இருவரும் பம்பரம் செய்தார்கள், எங்கே சுற்றிவிட்டாலும் அது மெதுவாக நகர்ந்து நகர்ந்து குழிப் பக்கத்து மூலையில் போய்த்தான் விழுந்தது. வாயாடி ஓடி வந்து, அப்பா, அக்கா ரூம்ல காந்தம் இருக்கு என்றாள். நானும் ஆமாம் என்று தலையாட்டி அதையும் வீடியோவாக எடுத்தேன். உன் அறை ஜன்னல் கொக்கி மாட்டவில்லை, மழைக்கு மரம் ஊதியிருக்கிறது என்றேன். கதவு தரையை உரசியது, அதற்கும் மழை என்றேன். இந்த வருஷம் மழைமேல் நான் போடாத பழியே இல்லை. அப்புறம் படகு. பின்னால் நம் சுவருக்கும் காம்பவுண்டுக்கும் நடுவில் ஒரு சந்து இருக்கிறதே, மழைத் தண்ணீர் அதில் ஓடி எப்போதும் தெருச் சாக்கடைக்குத்தான் போகும். இந்த வருஷம் பாதியிலேயே திரும்பி உன் அறைச் சுவரின் காலடியில் ஒரு இடத்தில் உள்ளே போய்விட்டது. பிள்ளைகளுக்கு அது கொண்டாட்டம். படகு செய்து விடுவார்கள், அது சுற்றிச் சுற்றிப் போய் அந்த இடத்தில் தலையைக் குனிந்துகொண்டு மறைந்துவிடும். எங்கடா போகுது என்று கேட்டால், அக்காவுக்கு என்பான் உருண்டை.

ஒருநாள் காலையில் சங்கிலியில் ஒரு வளையம் கிழிந்து கிடந்தது. உருண்டையின் காதைப் பிடித்தேன். நான் கிழிக்கல, அதுவா கிழிஞ்சுச்சு என்று கண்ணில் தண்ணீரோடு நின்றான். புது வளையம் போட்டு ஒட்டினேன். இரண்டு மூன்று நாளில் இன்னொன்று. அதையும் ஒட்டினேன், இந்தத் தடவை பைண்டிங் பசை வைத்து, எப்படிக் கிழிகிறது பார்க்கலாம் என்று. அந்த ஒட்டும் வேலையையும் வீடியோ போட்டேன், கெட்டுப்போனதைச் சரிசெய்வது எப்படி என்று தலைப்பு வேறு. அதற்குக் கீழே அரைத்தூக்கம் என்று பெயர் வைத்துக்கொண்டு எப்போதும் என் வீடியோவைப் பார்க்கும் யாரோ ஒருவர் இப்படி எழுதியிருந்தார். "அண்ணே, போன மாசம் சங்கிலி நல்லா தொங்கிட்டு இருந்துச்சு. இப்ப துணி காயப்போடுற கயிறு மாதிரி விறைப்பா இருக்கே, ஆணிய மாத்தி அடிச்சீங்களா?"

நான் ஆணியைத் தொடவே இல்லை. பழைய வீடியோவையும் புதியதையும் மாற்றி மாற்றி ஓட்டினேன். பழையதில் சங்கிலி என் நெற்றியில் இடிக்கிறது. புதியதில் நான் நிமிர்ந்து நிற்கிறேன், தலைக்கு மேலே கோடு போட்ட மாதிரி நிற்கிறது. ஒட்டும்போது பட்டை கொஞ்சம் குறைந்திருக்குமோ என்று பார்த்தேன், கடைசியாகப் போட்ட வளையங்கள் மற்றதைவிடப் பெரியவை. பெரியவளே, உன் அப்பன் இருபது வருஷமாகப் பேப்பரோடு கிடக்கிறவன். மழைக்காலத்தில் பேப்பர் ஈரம் குடிக்கும், நீளும், துவளும், பிரஸ்ஸில் அதனால்தான் இந்த மாதங்களில் பேப்பர் ரீம் கட்டைப் பிரித்து வைக்கவே மாட்டோம். தொங்கின சங்கிலி இன்னும் தாழ வேண்டுமே தவிர இறுகக் கூடாது. இறுகியிருக்கிறது என்றால் நகர்ந்தது காகிதம் இல்லை, சுவர். இது புரிந்த நொடியில் என் கழுத்துக்குப் பின்னால் யாரோ ஊதின மாதிரி இருந்தது.

உன் அம்மாவிடம் ஓடினேன். அவளுக்கு என்னைத் தெரியும், உனக்கும் தெரியும். போன வருஷம் போனில் பார்த்துவிட்டுத் தண்ணீர்த் தொட்டியில் விஷம் என்று தெருவையே எழுப்பினவன் நான்தானே. அதற்கு முந்தி உருண்டையின் மச்சத்தைப் பார்த்து டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனேன், டாக்டர் ஈரத்துணியால் துடைத்தார், போய்விட்டது. அதனால் அவள் மிஷினை நிறுத்தாமலே கேட்டாள், "அரைத்தூக்கத்துல ஒருத்தன் சொன்னதுக்கு முழுசா முழிச்சிருக்கிற நான் வீட்டக் காலி பண்ணணுமா?" சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். எனக்கும் பாதி வெட்கம், விட்டுவிட்டேன். ஆனாலும் பிள்ளைகளை எங்களோடு முன்னறையில் படுக்க வைத்தேன், உன் அறையில் கொசு என்று ஒரு பொய் சொல்லி.

அதற்கு மறுநாள் கடைக்குப் போகும்போது குழி வேலை மேஸ்திரி தகரத்துக்கு வெளியே நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். நல்ல மனுஷன், பார்த்தால் இரண்டு வார்த்தை பேசாமல் விடமாட்டார். "சார், உங்க பிள்ளைங்க நல்லா படகு செய்யுதுங்க. தினம் நாலஞ்சு குழிக்குள்ள வந்து நிக்குது, எங்க ஆளுங்க எடுத்து வரிசையா வெச்சிருக்காங்க" என்றார். நானும் சிரித்துவிட்டு நடந்தேன். கடை வாசல் வந்த பிறகுதான் கால் நின்றுவிட்டது. தண்ணீர் போய்ச் சேர்ந்தால் மண் ஊறுகிறது என்று விடலாம். படகு போய்ச் சேர்ந்திருக்கிறது, நசுங்காமல், வரிசையாக அடுக்கி வைக்கிற மாதிரி. நம் வீட்டுக்கு அடியில் படகு போகிற அளவுக்கு ஒரு வழி திறந்திருக்கிறது.

வாங்கப் போனதை வாங்காமல் திரும்பி வந்து இதைச் சொன்னேன். உன் அம்மா இந்தத் தடவை சிரிக்கவில்லை, ஆனால் ஒத்துக்கொள்ளவும் இல்லை. என் வாயை அடைக்கத்தான் டேப்பை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு உன் அறைக்கு வந்தாள். அங்கே கட்டிலை மறைக்கத் துண்டுத் துணியெல்லாம் இணைத்து அவள் தைத்த திரை இருக்கிறதல்லவா, துணி பற்றாக்குறை என்று ஒரு மடிப்புக்கூட விடாமல் சுவருக்குச் சுவர் சரியாகத் தைத்தாள், அந்த அளவு அவளுக்கு இன்னும் மனப்பாடம். திரையை முழுக்க இழுத்துவிட்டாள், ஓரத்தில் துணிக்கும் சுவருக்கும் நடுவே இடைவெளி தெரிந்தது. துணி சுருங்கும் என்றாள். ஸ்டூலில் ஏறி டேப்பை வைத்தாள், சாக்குக்கட்டியால் கோடு போட்டாள், மறுபடி வைத்தாள். இறங்கி ஸ்டூலைத் தள்ளிப்போட்டு மறுபக்கத்திலிருந்து அளந்தாள். திரை தைத்தபோது எடுத்த அளவைவிட மூன்று விரற்கடை அதிகம். டேப்பைப் புரட்டிப் பார்த்தாள், ஏதோ டேப்பில்தான் கோளாறு என்பதுபோல. அப்புறம் அதை மெதுவாகச் சுருட்டிக்கொண்டே, குரலை உயர்த்தாமல் கேட்டாள்.

"பிள்ளைங்க எங்க?"

சந்தில் இருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே, அந்தச் சுவரின் காலடியில், இருவரின் தலையும் குனிந்து தெரிந்தது, உருண்டை கையை முழங்கைவரை அந்த ஓட்டைக்குள் விட்டுச் சிக்கிக்கொண்ட படகைத் தள்ளிக்கொண்டிருந்தான். கத்தினால் பயத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பான். உன் அம்மா ஜன்னல் பக்கம்கூடப் போகவில்லை, கொல்லைக் கதவைத் திறந்து, சந்து முனையில் நின்று, யாருக்குப் புது பட்டன் டப்பா வேணும், முதல்ல வர்றவங்களுக்குத்தான் என்றாள். சாதாரணமாக அவள் அந்த டப்பாவை யாரையும் தொடவிட மாட்டாள். இரண்டும் பறந்து வந்தன. உருண்டையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள், அவன் கையில் தோள்வரை சேறு. சட்டையைக்கூட மாற்றாமல் நால்வரும் அப்படியே தெருவுக்கு வந்துவிட்டோம்.

பிரஸ் முதலாளி ஒன்றும் கேட்காமல் மாடி அறையைத் திறந்துவிட்டார், அவருக்கு என் நன்றியை நீயும் வந்து சொல்ல வேண்டும். பிள்ளைகளுக்கு இது சுற்றுலா. பைண்டிங் துணியால் கூடாரம் கட்டிக்கொண்டு, அட்டைப்பெட்டியில் டிவி செய்து, அதற்குள் தலையை விட்டு மாற்றி மாற்றிச் செய்தி வாசிக்கிறார்கள், முக்கியச் செய்தி பெரும்பாலும் உருண்டைக்குப் பல் ஆடுகிறது என்பதுதான். நான் போய்ச் சொல்லவேண்டிய இடத்திலெல்லாம் சொல்லிவிட்டேன். முனிசிபல் ஆபீஸில் மழை விடட்டும், வந்து பார்க்கிறோம் என்றார்கள். குழியை எடுத்த கான்ட்ராக்டர், உங்க வீடு பழசு சார், நாங்க வர்றதுக்கு முன்னாடியே அப்படித்தான் இருந்துச்சு என்றார். தெருவில் எதிர்வீட்டுத் தாத்தா, என்ன தம்பி, இதுவும் வீடியோவுக்கா என்று கேட்கிறார். வீடு அப்படியேதான் நிற்கிறது, அதுதான் கொடுமை. நின்றுகொண்டே இருப்பதால் உன் அம்மாவுக்கும் இரண்டு நாளில் மனசு மாற ஆரம்பித்தது, மிஷினை மட்டும் எடுத்து வந்துவிடலாம், தைக்கக் கொடுத்தவர்கள் கேட்கிறார்கள், பகலில் போனால் என்ன என்று ஆரம்பித்தாள். நான் மறுத்தால் வாய்ச்சண்டை.

நேற்று அவளையும் கூட்டிக்கொண்டு தெருமுனைவரை போனேன். தகரம் ஒரு பக்கம் சாய்ந்திருந்ததால் குழி தெரிந்தது. வேலை நிற்கவில்லை. ஆனால் நம் சுவருக்குக் கீழே மட்டும் யாரும் இறங்கவில்லை, மற்ற மூன்று பக்கமும் ஆள். நம் பக்கம் இருந்த ஆட்கள் தங்கும் கொட்டகையைப் பிரித்து எதிர்க்கோடிக்கு மாற்றியிருந்தார்கள். மேஸ்திரியைக் கூப்பிட்டு ஏன் மாத்தினீங்க என்று கேட்டேன். எப்போதும் பேசுகிற மனுஷன் என் முகத்தைப் பார்க்காமல், "சும்மாதான் சார், நிழலுக்கு" என்றார். அப்போது மழை பெய்துகொண்டிருந்தது, அவர் தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு நின்றார். உன் அம்மா திரும்பி நடக்க ஆரம்பித்தாள். வழியில் மிஷினைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, இன்றைக்கும் பேசவில்லை.

இனி எனக்கிருக்கும் பயம் நீதான். வருகிற தேதியைச் சொல்ல மாட்டாய், விடியலில் சத்தமில்லாமல் கதவைத் திறந்து, பையைப் போட்டுவிட்டு உன் கட்டிலில் விழுந்து தூங்கிவிடுவாய், நாங்கள் எழுந்து பார்த்துத்தான் கத்துவோம், போன தடவை அப்படித்தானே வந்தாய். உன் கட்டில் இன்னும் அந்தச் சுவரை ஒட்டித்தான் கிடக்கிறது. அதனால் இன்று மத்தியானம் போய் வெளிக்கதவின் பூட்டை மாற்றிவிட்டேன், தாழ்வாரத்தைத் தாண்டி உள்ளே போகவில்லை, உன் அம்மா தெருவில் நின்று நான் வெளியே வரும்வரை நொடிகளை எண்ணிக்கொண்டிருந்தாள். உன்னிடம் இருக்கும் சாவி இனி அதில் திரும்பாது. பெற்ற பெண்ணை வெளியே வைத்துப் பூட்டியவன் என்று கோபப்படு, எவ்வளவு வேண்டுமானாலும் கோபப்படு, ஆனால் பூட்டு துருப்பிடித்துவிட்டது என்று நினைத்து ஜன்னல் வழியாக ஏறாதே. நீ ஏறுவாய்.

உடம்பைப் பார்த்துக்கொள், ஈரக்காலோடு இஸ்திரி மிஷின் பக்கம் போகாதே, கடல் கொந்தளிக்கும்போது மேல்தளத்துக்குப் போய் நிற்காதே. எங்கே இருந்தாலும் உனக்கு மேலே உள்ள கூரை உறுதியாக இருக்கட்டும், கீழே உள்ளது தண்ணீரே ஆனாலும் உன்னைத் தாங்கட்டும், அம்மாவும் நானும் தினமும் இதைத்தான் வேண்டிக்கொள்கிறோம். தம்பி தங்கை முத்தம் அனுப்பச் சொன்னார்கள், அனுப்பிவிட்டேன் என்று சொல்லிவிட்டேன். இதைப் படித்ததும் ஒரே ஒரு வரி எழுது, நலம் என்றுகூட வேண்டாம். வீட்டுக்குப் போகமாட்டேன் என்று எழுது.

இப்படிக்கு,
உன்னை உள்ளே விடாத,
அப்பா