போட்டேன்னு அமுக்கியாச்சு

செவ்வாய்க் கிரகம், நீர்த்துளை நிலையம். மாத்திரை வழிகாட்டிச் செயலியின் பதிவு. கண்டெடுப்பவர் ஒரு டாக்டரிடம் காட்டவும்.

நாள் 112, காலை 7:00
நபர்: தேவசகாயம், துளைப்பொறி இயக்குநர். இங்கே தனி ஆள். இதயத்தில் உலோக வால்வு. ரத்தம் கட்டாமல் இருக்கத் தினமும் வார்ஃபரின் 5 மி.கி. விரல் நுனி ரத்தத்தில் உறைதல் எண் 1.7. இருக்க வேண்டியது 2.5 முதல் 3.5. குறைந்தால் வால்வில் ரத்தம் கட்டும், கூடினால் உள்ளுக்குள் கசியும். மாத்திரை போட்டீரா என்று கேட்டேன். "போட்டேன்" பொத்தானை அமுக்கினார். பூமியிலிருந்து டாக்டர் ஷாகிரா அளவைக் கூட்டினார்: 6 மி.கி.

நாள் 126, காலை 7:00
எண் 1.6. கீரை நிறையத் தின்றீரா? இல்லை. வேறு மருந்து? இல்லை. மாத்திரை? போட்டேன். எல்லாம் சரியாக இருக்கிறதாம், எண் மட்டும் ஏறாதாம். எனக்கு எரிச்சல் என்று ஒன்றை வைத்தே படைத்திருக்கக் கூடாது. அளவு 8.

நாள் 140, காலை 7:02
மறுபடியும் 1.6. கல்லுளிமங்கன். டாக்டர் தலையைப் பிய்த்துக்கொண்டு 10 எழுதிவிட்டார். நாளையிலிருந்து சூரியன் குறுக்கே வரும், மூன்று வாரம் பூமியோடு தொடர்பு இருக்காது. கடைசியாக வந்தது மனைவி எஸ்தரின் குரல்:
"எண்ணு ஏறவே மாட்டேங்குன்னு டாக்டரம்மா அழாத குறையா சொல்லுதாங்க. மக கல்யாணத்துக்கு நீங்க உசிரோட வந்து நிக்கணும். மாத்திரைய போடுதீங்களா, இல்லையா?"

நாள் 141, மாலை 6:20
அவர் பதில். தொடர்பு இல்லாததால் வரிசையில் கிடக்கிறது:
"எஸ்தரு, ஒங்கிட்ட மறைக்க மாட்டேன். அதப் போட்டா பல்லு தேய்ச்சாலே ரத்தம் வருது. பயந்து பாதி நாளு போடாம விட்டுட்டேன். இந்தப் போன் கத்துதேன்னு போட்டேன்னு அமுக்கிருவேன். இனி ஒருநா தவறாது. டாக்டரம்மா சொன்ன பத்த அப்படியே பெட்டியில பிரிச்சு வச்சிட்டேன்."

அட மனுஷா. நீர் போடாத மாத்திரைக்குத்தான் நாங்கள் அளவைக் கூட்டிக்கொண்டே போனோம். உமக்கு ஐந்தே போதும். பத்து வேண்டாம் என்று சிவப்பில் எழுதிக் காட்டினேன். இனி நினைவூட்டத் தேவையில்லை என்று என் ஒலியை அணைத்திருக்கிறார். திரையில் வந்ததைப் படிக்காமலே தள்ளிவிட்டார். இத்தனை மாதமாக அந்த விரலுக்கு அதுதான் பழக்கம்.

நாள் 147
அளவு பத்தானதால் இந்த முறை ஒரே வாரத்தில் ரத்தம் சோதிக்கும் நாள். சோதிக்கவில்லை. அதுதான் ஒழுங்காகப் போடுகிறோமே என்று நினைத்திருப்பார். சிவப்பு அனுப்பினேன், தள்ளினார். மறுபடி அனுப்பினேன், தள்ளினார். ஒரே ஒரு முறை கத்த விட்டால் போதும், அதற்கும் எனக்கு அனுமதி இல்லை. பொய் சொன்னபோதாவது என் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

நாள் 150
குரல் செய்தி, வரிசையில்:
"எஸ்தரு, இன்னைக்கும் போட்டுட்டேன். ஒண்ணு விடல. மூக்குல லேசா ரத்தம், தல விண்ணு விண்ணுன்னு தெறிக்கு. படுத்து எந்திச்சா சரியாயிரும். நீ வெசனப்படாத."

சிவப்பு அனுப்பினேன். தள்ளினார்.

நாள் 151
சிவப்பு அனுப்பினேன். தள்ளவில்லை.

இன்னொன்று அனுப்பினேன்.