பாரீஸ் நிஜார்

9 செப்டம்பர் 1979, ஞாயிறு
காலையில் வீராம்பட்டினம் வரை மிதித்துவிட்டு வந்தேன். கடல் வெளேரென்று கிடந்தது. வானம் எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. நான் மிதிக்கவே இல்லை, யாரோ பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு போகிறார்கள் என்று தோன்றியது. நவம்பர் ஒன்றாம் தேதி, பிரெஞ்சுக்காரன் எங்கள் ஊரை விட்டுப் போன விடுதலை நாள் சைக்கிள் பந்தயம். எனக்கு அதுதான் கடைசி. டிசம்பரில் முப்பது முடிகிறது. அதற்கு மேல் பந்தயம் நடத்துகிற சங்கத்தில் சேர்க்க மாட்டார்கள். இரண்டு வருஷம் மூன்றாவதாக வந்தேன், போன வருஷம் இரண்டாவது. ஒரே ஒரு தடவை, முன்னால் யாருமே இல்லாத ரோட்டைப் பார்த்துவிட வேண்டும்.

16 செப்டம்பர்
ஜானகிராமன் வந்தான். என்னோடு படித்தவன், இப்போது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருக்கிறான். பாரீஸிலிருந்து லீவில் வந்தவன் எனக்கென்று ஒரு பொட்டலம் கொண்டுவந்திருந்தான். முதுகுப் பக்கம் பை வைத்த நீலப் பனியன். அதன் பேர் மாயோவாம். கூடவே தொடையைக் கவ்விப் பிடிக்கிற கறுப்பு நிஜார். உட்காருகிற இடத்தில் உள்ளே மெல்லிய தோல் தைத்திருக்கிறது. தடவிப் பார்த்தால் கன்றுக்குட்டியின் காது. அங்கே பந்தயம் ஓட்டுகிறவர்கள் எல்லாரும் இதுதான் போடுகிறார்களாம்.

"பச்சத் தண்ணில அலசி நெழல்ல போடுடா. வெயில் பட்டா தோல் போயிடும்" என்றான்.

என் பெண்டாட்டி அஞ்சலாட்சி எடுத்து விரித்துப் பார்த்தாள். "இதுக்கு ஒண்ணுமே போடாம போவலாம்" என்று சொல்லிவிட்டு அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள். அவள் சத்தம் போட்டால் எனக்குப் பயமில்லை. இப்படிப் பேசாமல் போனால்தான் பயம்.

23 செப்டம்பர்
போட்டுக்கொண்டு ஓட்டினேன். கோரிமேட்டு ஏற்றம் ஏற்றமாகவே தெரியவில்லை! பழைய காக்கி நிஜாரில் பாதி வழியிலேயே தொடை உரசி எரியும். இதில் சீட்டு இருப்பதே மறந்துபோயிற்று. ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் வந்து இறங்கினவர்கள் சர்க்கஸ்காரனைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள். பார்க்கட்டும். திரும்பும்போது மட்டும் மேலே கைலியைச் சுற்றிக்கொண்டுதான் எங்கள் தெருவுக்குள் நுழைந்தேன்.

24 செப்டம்பர்
நானே அலசிக் கிணற்றடி நிழலில் போட்டேன். அஞ்சலாட்சி அதைத் தொட மாட்டாளாம். மாடிக் கொடியில் காயப்போட்டால் பக்கத்து வீட்டு ஆதிலட்சுமிக்குப் பதில் சொல்ல முடியாதாம்.

7 அக்டோபர்
சண்டை. அவள் அண்ணன் வடிவேலும் நான் தறி ஓட்டுகிற மில்லில்தான் வேலை செய்கிறான். உன் மச்சான் ஜட்டியோடு ஊர் சுற்றுகிறானே என்று அவனை யாரோ கேட்டுவிட்டார்கள். அது இங்கே வந்து விடிந்தது. கடைசியில் அழுதுகொண்டே சொன்னாள்: காக்கியே போட்டுக்கொள்ளுங்கள், நானும் பார்க்க வருகிறேன் என்று. கல்யாணமாகி ஆறு வருஷத்தில் ஒரு பந்தயத்துக்கும் அவள் வந்ததில்லை.

காக்கி என்றால் அவள் வருவாள். கறுப்பு என்றால் ஜெயிப்பேன். எதை விடுவது?

17 அக்டோபர்
தறி ஓடுகிற சத்தத்தில் எனக்குச் சக்கரம்தான் சுற்றுகிறது. நூல் அறுந்ததை இரண்டு தரம் கவனிக்கவில்லை.

28 அக்டோபர்
சொல்லிவிட்டேன், கறுப்புதான் என்று. தலையை ஆட்டினாள். கோபமா, சம்மதமா, தெரியவில்லை.

31 அக்டோபர்
மில் விட்டு வந்து நிமிர்ந்து பார்த்தால் மாடிக் கொடியில், தெரு முழுக்கப் பார்க்கிற மாதிரி, என் நிஜாரும் மாயோவும்! ஒரு நிமிஷம் நெஞ்சு நிறைந்துபோயிற்று. அப்புறம்தான் வெயில் உறைத்தது.

மாடிக்கு ஓடினேன். தோல் அப்பளமாக இருந்தது. துவைத்ததோடு விடாமல் நல்ல கெட்டிக் கஞ்சியில் முக்கி எடுத்திருக்கிறாள். பாவு நூலுக்குக் கஞ்சி ஏற்றினால்தான் அறுந்துபோகாது என்று மில் கதை சொல்லும்போதெல்லாம் சொன்னவன் நான்தானே! நிழலில் போட வேண்டும் என்பதை மட்டும் சொல்லவில்லை. தொடவே மாட்டேன் என்றவளிடம் எதற்கென்று விட்டுவிட்டேன்.

"ஊரே பாக்கப்போவுது. கசங்கினத மாட்டிக்கினு போவாதீங்க" என்றாள். நாளைக்கு அவளும் வருகிறாளாம். பெட்டியிலிருந்து கல்யாணப் புடவையை எடுத்து வைத்திருக்கிறாள்.

காக்கி துவைத்து மடித்தபடி இருக்கிறது. எடுக்கத்தான் போனேன்.

1 நவம்பர், வியாழன்
ஒன்பதாவது.

உட்கார முடியவில்லை, நின்றுகொண்டு எழுதுகிறேன். கோரிமேடு தாண்டுவதற்குள் உயிர் போய்விட்டது. சேதராப்பட்டு போய்த் திரும்பியதில் பாதிக்கு மேல் எழுந்து நின்றுதான் மிதித்தேன். பந்தயம் முடிகிற கடற்கரையில் கூட்டத்துக்கு முன்னால் அவள் நின்றிருந்தாள். ஆதிலட்சுமியிடம் என்னைக் காட்டி என்னவோ சொல்லிச் சிரித்தாள். அந்தக் கொஞ்ச தூரம் மட்டும் சீட்டில் நன்றாக உட்கார்ந்து ஓட்டினேன்.

கேட்டவர்களிடமெல்லாம் எதிர்காற்று என்றேன். இனிமேல் பந்தயம் கிடையாது. அந்த ரோட்டை நான் பார்க்கவே இல்லை. வலிக்கிறது. மனசைச் சொல்கிறேன்.

4 நவம்பர், ஞாயிறு
நிஜாரை மடித்து வைக்க எடுத்தவளின் கை உள்ளே தோலில் பட்டுவிட்டது. விரலால் அமுக்கிப் பார்த்தாள். தட்டிப் பார்த்தாள்.

"இதையா போட்டுக்கினு ஓட்டுனீங்க?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"காக்கி இருந்துச்சே."

"நீ கஞ்சி போட்டு வச்சிட்டுப் பாக்க வந்திருந்தியே."

நிஜாரை விரித்துப் பாயில் போட்டாள். பிறகு எழுந்து போய்த் தேங்காயெண்ணெய்க் கிண்ணத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். நிஜாருக்கா, எனக்கா என்று கேட்டேன். முதுகில் ஓர் அடி வைத்தாள். அவள் கண் கலங்கியிருந்தது.