முட்டை இரண்டு

நைனா, எதற்காக அப்படி எழுதினீர்கள்? இனி உங்களிடமிருந்து பதில் வராது.

தம்பி மகள் உங்கள் நோட்டின் ஒரு பக்கத்தை நகலெடுத்து அனுப்பியிருக்கிறாள். உங்கள் நினைவு நாளுக்கு 'தாத்தா கேக்' செய்யப்போகிறாளாம். மைதா, நெய், சர்க்கரை, ஏலக்காய் என்று நம் மளிகைக் கடையில் சீட்டு எழுதும் அதே கையெழுத்து. ஐந்தாவது வரி: முட்டை இரண்டு. செஞ்சியில் பொழுது சாய்ந்தால் சோற்றைத் தொடாத ஜைன வீட்டில், முட்டை. அந்தக் கேக்கை நீங்கள் ஒரு நாளும் செய்ததுமில்லை.

செய்தது அம்மா. அறுபதுகளில் ரேஷன் சர்க்கரையை எங்கள் காப்பியில் குறைத்துக் குறைத்துக் கேக்குக்குச் சேர்த்துவைப்பாள். அண்டாவில் மணல் பரப்பி, அதற்குள் டின்னை இறக்கி, மூடியின் மேலும் தணல் கொட்டுவாள். முட்டை இல்லாத குறைக்குத் தயிரும் ஆப்ப சோடாவும். "மேல நெருப்பு கம்மியானா நடுவுல அழுதுக்கினே இருக்கும்" என்பாள். தயிரைப் பற்றி உங்கள் நோட்டில் ஒரு சொல்லும் இல்லை.

வெந்த கேக் எங்களுக்கல்ல. ஊருக்கு எந்த அதிகாரி மாற்றலாகி வந்தாலும் அது உங்கள் சைக்கிளில் ஏறிப் போகும். டின்னில் ஒட்டிய கருகல் எங்களுக்கு. லஞ்சம் கொடுப்பவனுக்காவது ஒரு காரியம் ஆக வேண்டியிருக்கும். உங்களுக்கு அதுவும் இல்லை. "வாங்க நயினார்" என்று நம் ஜைனப் பட்டத்தைச் சொல்லி ஒருவர் அழைத்துவிட்டால் ஒரு வாரம் கடைத்தெருவில் நெஞ்சை நிமிர்த்தி நடப்பீர்கள். அவ்வளவு மலிவு.

எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும். புதிதாக வந்த அதிகாரியின் வீட்டுக்கு டின்னை மடியில் வைத்துக்கொண்டு உங்களோடு வந்தேன். இது என்ன என்று அவர் கேட்டார். முட்டையில்லாத கேக் என்று சொல்ல உங்களுக்குக் கூச்சம். "மெட்ராஸ் கேக் மாதிரியே சார். முட்டையெல்லாம் போட்டது" என்றீர்கள். நீட்டிய கையை அவர் இழுத்துக்கொண்டார். அவர்கள் வீட்டில் முட்டை சேர்ப்பதில்லையாம். பிறகு, நயினார் வீட்டிலேயே முட்டையா என்று சிரித்தார். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல இடம் கிடைக்காது. நீங்களோ அவரோடு சேர்ந்து சிரித்தீர்கள். வாசலில் நின்ற பியூனும் சிரித்தான். நம் சைக்கிளுக்கு முன்பே அந்தச் சிரிப்பு தெருவுக்கு வந்துவிட்டது.

அது எப்படிப்பட்ட நாள் என்று உங்களுக்குத் தெரியும். நம் தெருவுக்கு ஜைனப் பெண் துறவி ஒருவர் வந்திருந்தார். நாளுக்கு ஒரு வேளைதான் உண்பார். செம்பும் தேங்காயுமாக வாசலில் நின்று அழைக்கும் வீடுகளில் ஏதாவது ஒன்றில் நுழைவார். மறுநாள் காலை தானும் நிற்க வேண்டுமென்று அம்மா நான்கு நாட்களாகப் பாத்திரம் விளக்கி, தானியம் புடைத்துக் காத்திருந்தாள். வாழ்நாளில் அவள் தனக்கென்று கேட்ட ஒன்று அது.

மாலையில் தெருப் பெண்கள் இருவர் வந்தார்கள். "அக்கா, நாளைக்கு நீ வாசல்ல நிக்க வாணாம். தப்பா எடுத்துக்காத." அம்மா உங்களைப் பார்த்தாள். "ஏங்க, நான் போடலன்னு ஒரு வார்த்த சொல்லுங்க."

"எனக்கு இன்னா தெரியும்? சமையக்கட்டு உன்னுது" என்றீர்கள்.

உங்களிடமிருந்து நான் பத்திரமாக வைத்திருப்பது அந்த வாக்கியம்தான். பல்கலைக்கழகத்தில் படித்ததும் பிறகு பாடம் நடத்தியதும் அதைக் கரைக்கவில்லை. பரம்பரை ருசி, அப்பாவின் கைப்பக்குவம் என்று யாராவது உருகும்போது அது காதில் விழுகிறது. நான் எழுந்து வேறு வேலை பார்க்கப் போய்விடுவேன்.

மறுநாள் நடந்ததை மட்டும் எழுதி நிறுத்துகிறேன். காலையில் ஆறு வீட்டு வாசல்களில் செம்போடு நின்றார்கள். நம் கதவு சாத்தியிருந்தது. துறவி பக்கத்து வீட்டில் உண்டார். மாலையில் அடுத்த ஊருக்கு நடந்தார். நீங்கள் வழக்கமான நேரத்துக்குக் கடை திறந்தீர்கள். பதினொரு மணிக்கு அந்தப் பியூன் கடைக்கு வந்து, முட்டை போடாமல் ஒன்று செய்ய முடியுமா என்று அதிகாரியின் மனைவி கேட்பதாகச் சொன்னான். விசேஷமாகச் செய்து தருவதாக ஒப்புக்கொண்டு, வீட்டுக்கு ஓடிவந்து அம்மாவிடம் சொன்னீர்கள். அம்மா கரி அடுப்பைத் தூக்கிக்கொண்டுபோய் வாசலில் வைத்தாள். தெரு பார்க்க மாவு கலந்தாள், தயிர் ஊற்றினாள், மூடியில் தணல் கொட்டினாள். வெந்ததும் டின்னைக் கவிழ்த்து, நடுவிலிருந்து வெட்டி எனக்கும் தம்பிக்கும் கொடுத்தாள். முந்தின நாள் வந்த பெண்களில் ஒருத்தி வந்து கை நீட்டினாள். அவளுக்கும் ஒரு துண்டு வைத்தாள். பிறகு தெருப் பிள்ளைகளுக்கு. நீங்கள் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். பொழுது சாய்வதற்குள் கேக் தீர்ந்துவிட்டது. அம்மா அண்டாவிலிருந்த மணலைக் கொட்டினாள். நீங்கள் கடைக்குப் போனீர்கள்.