சேவல் கூவியது உண்மைதான் என்பது குறித்து

அனுப்புநர்:
அருணாசலம், விவசாயம், வாழவந்தி நாடு, கொல்லிமலை.

பெறுநர்:
தாசில்தார் ஐயா அவர்கள், தாலுகா கச்சேரி.

பொருள்: என் மாப்பிள்ளை சென்றாயனைச் சிறைக்கு அனுப்ப வேண்டாம் என்று கேட்டுக்கொள்வது.

மதிப்புக்குரிய ஐயா,

1. சென்றாயன் என் தங்கை கண்ணாயியின் புருஷன். என் சேவல் கூவுகிறது என்று தங்களுக்கு மனுப் போட்டவர் அவர்தான். அப்புறம் என் பலாமரத்து நிழல் அவர் வாசலில் விழுகிறது என்று போட்டார். அப்புறம் மழை மேலேயே போட்டார். பொய்ப் புகார் கொடுத்தவர் வெள்ளிக்கிழமை கச்சேரிக்கு வர வேண்டும், சிறைகூடக் கிடைக்கும் என்று தங்கள் சேவகர் மலையேறி வந்து சொன்னார். ஏறின களைப்புக்குத் தேன் ஊற்றித் தினைமாவு பிசைந்து கொடுத்தோம். இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார், நல்ல மனுஷர். அது கிடக்கட்டும்.

2. சித்திரையில் அவர்கள் ஒரே மகள் பொன்னாயி குளிர்காய்ச்சலில் போய்விட்டாள். கண்ணாயி தலைக்கு எண்ணெய் வைக்கவில்லை, பேசவில்லை, உலையை ஏற்றிவிட்டுச் சாமையைப் போட மறந்தாள். ஊருக்கே புரிந்தது. பூசாரி திருநீறு போட்டார். பெண்கள் முறைவைத்து அவளுக்குத் துணையிருந்தார்கள். சென்றாயன் எல்லாரிடமும் சண்டைக்குப் போனார், தங்களுக்கு மனுப் போட ஆரம்பித்ததும் அப்போதுதான். அதற்குத் திமிர் என்று பேர் வைத்தார்கள்.

3. கதிர் முற்றினால் நாங்கள் பரண்மேல் உட்கார்ந்து பன்றி விரட்டுவோம். சென்றாயன் ஒரு கூப்பாடு போட்டால் மலையில் தள்ளியிருக்கும் பைல் நாட்டுப் பன்றிகூட ஓடும். போன வாரம் விடிந்ததும், சேவல் விஷயமாக ஒரு சண்டை பாக்கியிருந்ததால், அவர் காட்டுக்குப் போனேன். சாமைக் காடு முழுக்கப் பன்றி கிளறிக் கிடந்தது. பரண்மேல் அவர் முழித்துக்கொண்டுதான் இருந்தார்.

"மாப்பிள்ளே, பன்னி வந்தது தெரியலீங்களா?"

"தெரிஞ்சுதுங்க மச்சான். தின்னுட்டுப் போவட்டும். இனி ஆருக்குன்னு வெரட்டறது?"

சேவலுக்கு மனுப் போட்டவர் பன்றிக்கு வாய் திறக்கவில்லை, ஐயா. கொண்டுபோன சண்டை எனக்கு மறந்துபோயிற்று. தங்கையைப் பிடித்த துக்கம்தான் இவரையும் பிடித்திருக்கிறது. இவரிடம் அது சத்தம் போட்டுக்கொண்டு வந்ததால் ஒருவருக்கும் அடையாளம் தெரியவில்லை. இப்போது பூசாரி இவருக்கும் திருநீறு போடுகிறார். பரணில் நாங்கள் மாறி மாறித் துணையிருக்கிறோம். நான் குறட்டை விடுவதாகத் திட்டுகிறார்.

4. சேவல் கூவியது உண்மை. நிழல் விழுந்ததும் உண்மை. மழைக்கு மலையே சாட்சி. புகார் ஒன்றும் பொய்யில்லை. ஆகவே வெள்ளிக்கிழமை சேவலோடு நானே கச்சேரிக்கு வருகிறேன். தண்டனை எதுவானாலும் எனக்கும் சேவலுக்கும் கொடுங்கள். அடுத்து என் குறட்டை பற்றி அவரிடமிருந்து மனு வரும். கோபிக்காமல் வாங்கிக்கொள்ள வேண்டும், ஐயா. வராமல் போனால்தான் எங்களுக்குப் பயம்.

இடம்: வாழவந்தி நாடு
தேதி: 26-10-1938

இப்படிக்கு,
அருணாசலம்
(இடது பெருவிரல் ரேகை)

சொன்னபடி எழுதியது: செங்கோடன், முள்ளுக்குறிச்சி. தினைமாவு விஷயம் வேண்டாம் என்றேன், கேட்கவில்லை.